வெள்ளை நூல் கட்டிய பாட்டில்

கொயலேமு,
ஜூன் மாதம், மழை விடாத ஒரு செவ்வாய்

அன்புள்ள எர்மிந்தாவுக்கு,

நான் நலம். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது. அளவு சரி. நிறம்தான் நம் ஊர்ப் போலீஸ்காரர் சீருடைப் பச்சை. அதைப் போட்டுக்கொண்டு மலைப் பக்கம் போனால் திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவன் ஓடி ஒளிகிறான். கலமாவில் குளிர் எப்படி? அந்தப் பாலைவனத்தில் காற்று வறண்டு மூக்கில் ரத்தம் வரும் என்கிறார்கள். சுரங்கத்து ஆட்களுக்கு வெங்காயம் நறுக்கியே உன் மணிக்கட்டு வீங்கியிருக்கும். தைலம் தேய்க்காமல் படுக்காதே.

இந்தக் கடிதத்தோடு பேருந்துப் பார்சலில் ஒரு மரப்பெட்டி வரும். உள்ளே வைக்கோலில் நான்கு பாட்டில். ஆமாம், ஒயின்தான். கிழித்துப் போடாமல் மேலே படி.

கோடைக் காட்டுத்தீக்குத் தப்பிய திராட்சையை இந்த வருஷம் வாங்க ஆளில்லை. நான் வாங்கினேன். இரக்கப்பட்டு இல்லை. மலிவாகக் கிடைத்தது, வாங்கினேன். உன் அண்ணன் எலியேசரின் தோட்டத்தில் நின்ற பழத்தையும் சேர்த்து, எல்லாம் நம் தொட்டிகளில் ஒயினாகிவிட்டது. போன வாரம் தல்காவிலிருந்து நம்மிடம் வழக்கமாக வாங்குகிறவர் வந்தார். ஒரு வாய் வைத்தார், துப்பினார், அப்புறம் வெகுநேரம் சும்மா நின்றார். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார். அந்த வார்த்தை என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் உன் நாக்கு அதையே தேடிப் பிடிக்கும்.

தோட்டக்காரர் குஸ்தோடியோ நம் கடையில் உட்கார்ந்துகொண்டு கத்தினார். "அவனுக்கு ஒயினைப் பத்தி என்னய்யா தெரியும்? பாதி விலைக்கு அடிக்கப் பாக்குறான். செப்டம்பர் பதினெட்டு, சுதந்திர தினத் திருவிழாவுக்கு அனுப்பு. மூணாவது கோப்பைக்கு மேல எவனுக்குய்யா நாக்கு இருக்கு?" என்றார். நானும் முதலில் இது தந்திரம் என்றுதான் நினைத்தேன். நானும் அதே தந்திரத்தில் பிழைக்கிறவன்தானே. ஆனால் அந்த ஆள் விலையே கேட்கவில்லை, எர்மிந்தா. குறை சொல்லி விலை கேட்கிறவன் வாங்க வந்தவன். விலை கேட்காமல் போகிறவன் உண்மை சொன்னவன்.

உன் அண்ணி நோல்ஃபாவிடம் போய்ச் சொன்னேன். அவள் எலியேசரின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தனியாகக் கொடி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னாள்: "அவர் தீக்கு நடுவுல நின்னு உசுரக் குடுத்து நிறுத்தி வெச்ச கொடி இது அண்ணா. இதுல குத்தம் சொல்றவன் என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லட்டும்." அவளுக்கு இது வியாபாரம் இல்லை. அந்த ஒயின் நன்றாக இருந்தால் அவன் எதற்காகப் போனான் என்பதற்கு ஒரு பதில் இருக்கிறது. இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

இங்கே எல்லோரும் சுவைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது. எனக்கும்தான். அதனால்தான் எங்கள் நாக்கை நான் நம்பவில்லை. உன் நாக்கில் ஒரு சொட்டு ஒயின் பட்டதில்லை. உனக்கு எதுவும் பழக்கமில்லை, உனக்கு எதுவும் விற்க வேண்டியதுமில்லை. விழுங்கச் சொல்லவில்லை. வாயில் வைத்துத் துப்பிவிடு. துப்புகிறவனைக் குடிகாரன் என்று எந்த வேதமும் சொன்னதில்லை. உன் போதகரிடம் வேண்டுமானால் கேட்டுப் பார்.

எடுத்த எடுப்பில் நம் பாட்டிலைத் திறக்காதே. முதலில் அங்கே கடையில் இருப்பதிலேயே மலிவான ஒயின் இரண்டை வாங்கிப் பழகு. விலை கூடியதை வாங்கினால் விலைதான் நாக்கில் தெரியும். இரண்டையும் ஒரே மாதிரிக் கண்ணாடித் தம்ளரில் ஊற்று, பக்கத்தில் பக்கத்தில் வை. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது, இரண்டு இருந்தால்தான் வித்தியாசம் பேசும். காபி குடித்ததும் வேண்டாம், வெங்காயக் கையோடும் வேண்டாம். முகர்ந்து பார், தம்ளரைச் சுழற்றி மறுபடி முகர்ந்து பார். ஒரு வாய் எடுத்து, சூடான சூப்பை உறிஞ்சுகிற மாதிரி காற்றோடு சேர்த்து உறிஞ்சு. துப்பு. துப்பியதும் அடுத்ததற்குத் தாவாதே. காத்திரு. நல்லதும் கெட்டதும் பாதி அப்புறம்தான் வரும்.

என்ன தெரிகிறதோ அதை எழுது. "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாதே. அது விற்கிறவன் சொல்கிற சொல். உன் சமையலறையில் இருக்கிற சொல்லாக எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றிப் பேசவே கூடாது. என் குரலைக் கேட்டால் எனக்கு என்ன பதில் வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவாய், அதையே சொல்லியும் விடுவாய். நான்கு பாட்டில் கழுத்திலும் நூல் கட்டியிருக்கிறேன். எது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கிற உன் கணவன்,
பால்தோமெரோ


கொயலேமு,
ஜூலை, ஞாயிறு மதியம்

அன்புள்ள எர்மிந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் நின்றபடியே படித்துச் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு. கடையில் வாங்கிய அட்டைப்பெட்டி ஒயின், "பிளாஸ்டிக் வாளியில் ராத்திரி முழுக்க ஊறிய திராட்சைத் தோல்". இன்னொன்று, "பீட்ரூட் வேகவைத்த தண்ணீர், சர்க்கரை போட்டு ஏமாற்றியது". இதையெல்லாம் தல்காக்காரர் கேட்டால் உன்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார். உன் அறைத்தோழி அந்தப் பொலிவியாக்காரி கதவைத் திறந்து பார்த்து, "அய்யோ சகோதரி, ஜெபம் பண்றீங்கன்னு நெனச்சேன், நீங்க பேசினுக்குள்ள துப்பிக்கிட்டு இருக்கீங்க!" என்றாளாமே. அவளுக்கும் ஒரு தம்ளர் கொடு. அவள் விழுங்கட்டும்.

நூல் கட்டிய பாட்டில்களுக்கு வருகிறேன். பச்சை நூல், "ப்ளம் பழத் தோல், பிறகு மழையில் நனைந்த செங்கல், நாக்கின் ஓரத்தை லேசாகச் சொரசொரப்பாக்குகிறது" என்று எழுதியிருக்கிறாய். சபாஷ். அது போன வருஷத்து ஒயின். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே சரியாகப் பிடித்திருக்கிறாய். நீலம், "புளிப்பு, புதுச் செருப்புக்கடை". அது கடற்கரைப் பக்கத்திலிருந்து நான் வாங்கிய மலிவுச் சரக்கு, புதுப் பீப்பாயில் கிடந்தது. மஞ்சளும் அதே நீலம்தான். நீ ஊகித்து எழுதுகிறாயா என்று பார்க்க ஒரே ஒயினை இரண்டு பாட்டிலில் அனுப்பினேன். "நீலத்துக்குத் தம்பி மாதிரி இருக்கிறது" என்று எழுதிவிட்டாய். உன் நாக்கு பொய் சொல்லாது என்று அப்போது தெரிந்துவிட்டது.

வெள்ளை நூலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "வெள்ளையை முடிக்கவில்லை" என்று மட்டும் இருக்கிறது. ஏன்?

இங்கே எல்லோரும் உன் பதிலுக்காகத்தான் இருக்கிறார்கள். கூட்டுறவுக் கொட்டகையில் கூடிப் பேசினோம். சண்டை. கடைசியில் குஸ்தோடியோதான் எழுந்து, "அந்த அல்லேலூயா அம்மா பொய் சொன்னா கடல் வத்திப் போகும். அவ சொல்லட்டும். அவ நல்லதுன்னா தல்காக்காரனை இழுத்துட்டு வர்றோம். இல்லேன்னா நான் வாயை மூடிக்கிறேன்" என்றார். அவர் வாயை மூடுவதைப் பார்க்க ஊரே ஆசையாக இருக்கிறது. நோல்ஃபா வெளியே வந்தபின் என் கையைப் பிடித்து, "எர்மிந்தா எழுதுனதும் முதல்ல எனக்குத்தான் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

மற்றபடி, மேல்மலையில் தீக்குப் பிறகு மரமே இல்லாததால் மழையில் மண் சரிந்து சாலை இரண்டு தடவை அடைத்தது. நீ அவசரப்பட்டு வர வேண்டாம். இங்கே உனக்கு ஒன்றும் வேலையில்லை. அங்கே இரு.

வெள்ளையை எழுது. மோசமாக இருந்தாலும் எழுது. மோசமாக இருந்தால்தான் கட்டாயம் எழுத வேண்டும்.

பால்தோமெரோ


கொயலேமு,
ஆகஸ்டு

என் எர்மிந்தா,

உன் கடிதத்தைப் பேருந்து நிலையத்திலேயே பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. அங்கே உட்கார இடமில்லை.

"முதலில் செர்ரிப் பழம். நல்ல பழம். துப்புகிறவரைக்கும் ஒன்றுமில்லை. துப்பிவிட்டு நீங்கள் சொன்ன மாதிரி காத்திருந்தேன். அப்போது வந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணனுடைய ஜாக்கெட்டை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார்களே, அந்தப் பையை நான் பிரித்தபோது வந்த வாடை. பல் துலக்கினேன், போகவில்லை. ரொட்டி தின்றேன், ரொட்டியிலும் வந்தது. எனக்கு எதை அனுப்பியிருக்கிறீர்கள்?"

இப்போது சொல்கிறேன். தல்காக்காரர் சொன்ன வார்த்தை "சாம்பல்". வெள்ளை நூல் எலியேசரின் ஒயின். அந்தக் கொடிகளில் ஒன்றுகூடக் கருகவில்லை. ஆனால் பழம் பழுத்த நாளெல்லாம் புகைக்குள் தொங்கியது. அந்தப் புகை தோலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாயில் எச்சில் பட்டதும்தான் வெளியே வருகிறதாம். நம் தொட்டி எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும்.

எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டேன். குழந்தையிலிருந்து விறகடுப்புக்கு முன்னால் வளர்ந்தோம். நான் தலைச்சுமையாகக் கரி விற்றுத்தான் இந்த வியாபாரத்துக்கே வந்தேன். அதற்கு மேல் ஒரு கோடைக்காலம் முழுக்க அந்தப் புகையைத்தானே மூச்சாக விட்டோம். அண்ணனை அடக்கம் செய்துவிட்டு நீ கலமாவுக்குத் திரும்பிய அன்று, "எல்லாம் நாறுது. எப்படி இருக்கீங்க இதுக்குள்ள?" என்று கேட்டாய். துக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்தேன். நீ வாடையைத்தான் சொல்லியிருக்கிறாய்.

சொன்னபடி நோல்ஃபாவுக்குத்தான் முதலில் படித்தேன். தனியாகப் படிக்க நினைத்தேன். குஸ்தோடியோவும் இன்னும் இரண்டு பேரும் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். செர்ரி என்றதும் குஸ்தோடியோ, "பாத்தியா!" என்று மேசையில் தட்டினார். அதோடு நிறுத்திவிடலாமா என்று ஒரு நொடி பார்த்தேன், எர்மிந்தா. முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறவன், எங்கே நிறுத்தினால் சரக்கு விற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியையும் படித்தேன்.

குஸ்தோடியோ தொப்பியைக் கழற்றினார். சொன்னபடி வாயை மூடிக்கொண்டார். யாருக்கும் அது வேடிக்கையாக இல்லை.

அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். அவள் எழுந்துபோய் ஒரு கூஜா நிறைய அந்த ஒயினைக் கொண்டுவந்தாள். ஒரு வாய் உறிஞ்சினாள். தரையிலேயே துப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மறுபடி ஒரு வாய். மறுபடி. பிறகு சொன்னாள்:

"அந்த வாட வரலையே அண்ணா. எனக்கு வரலையே. எர்மிந்தாவுக்கு வந்திருக்கு. அந்தத் தல்காக்காரனுக்குக்கூட வந்துச்சு. அவனுக்கு எலியேசர் யாரு? எனக்கு ஏன் வரமாட்டேங்குது?"

கூஜாவை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

மற்றத் தொட்டிகள் சாராய ஆலைக்குப் போகின்றன, கேட்ட விலைக்கு. அதை நான் தாங்கிக்கொள்வேன். கீழே கிடந்துதான் எழுந்தவன், மறுபடி கிடக்கத் தெரியும். நான் வாங்கினேன் என்பதால் நட்டு வைத்தவர்கள், அடுத்த வருஷம் நான் வாங்கமாட்டேன் என்று தெரிந்ததும் கொடியைப் பிடுங்குகிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. எலியேசரின் தொட்டியை மட்டும் ஆலைக்காரனிடம் கொடுக்க அவள் விடவில்லை. சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறாள். தினமும் போய் ஒரு வாய் எடுத்து, துப்பி, நிற்கிறாள். இப்போதெல்லாம் துப்புவதுமில்லை என்று குஸ்தோடியோவின் மனைவி சொல்கிறாள்.

வர வேண்டாம், வர வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது வா. விடுப்பு கிடைத்த உடனே வா. பேருந்தை விட்டு இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. இங்கே விறகடுப்பு புகைகிறது. நேராக நோல்ஃபாவிடம் போ. அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் வைத்துவிட்டு, என்ன வருகிறதோ அதை அவளுக்குச் சொல். எனக்கு எழுதியதைப்போல நாலு வரியில் முடிக்காதே. அந்த ஜாக்கெட்டின் தோல் வாடை எவ்வளவு, கம்பளி வாடை எவ்வளவு, அவனுடைய வியர்வை வருகிறதா, அவன் சட்டைப்பையில் கிடந்த புகையிலை வருகிறதா, எல்லாம் சொல். வராததைச் சொல்லாதே. அவளுக்குத் தெரிந்துவிடும்.

சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த பேருந்திலேயே ஏறிவிடு. நான் தடுத்தாலும் நிற்காதே. நிச்சயம் தடுப்பேன். நீ இங்கே தங்கிவிட்டால் கொஞ்ச நாளில் உனக்கும் இது நல்ல ஒயினாகிவிடும்.

நான் கும்பிடாத உன் ஆண்டவர் உன் நாக்கை இப்படியே வைத்திருக்கட்டும்.

பால்தோமெரோ