பனியன் துணி ஜாக்கெட்

செப். 6, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மெடிக்கல் லீவு ஞாயிறோடு சரி. திங்கள் வெள்ளிமலைப் பள்ளியில் ஜாயின் பண்ண வேண்டும்.

இடது முழங்கை பாதிதான் நீள்கிறது. ஜூனில் உடைந்தது. இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்கு ரோட்டில் சாய்த்த புளியமரம், பஸ் சடன் பிரேக், முன்சீட்டுக் கம்பி. கட்டு பிரித்தாயிற்று, மடக்கு போகவில்லை.

சமைக்கலாம், போர்டில் எழுதலாம். ஜாக்கெட் போடவும் புடவை மடிப்பு எடுக்கவும்தான் முடியாது. மடங்கின கை இறுக்கமான ஜாக்கெட் கையில் நுழையாது. நாத்தனார் செல்விதான் தினமும் இழுத்து மாட்டிவிடுகிறாள். இவர் லாரியோடு போய்ப் பத்து நாள்.

செல்வி: "அண்ணி, மறுபடியும் மறியல்னு பேசிக்கினு இருக்காங்க. ரோடு மூடறதுக்குள்ள களமருதூர் போயிடணும். எம் மாமியார் எத்தினி நாளு பசங்கள பாத்துக்குவாங்க? நடவு வேற."

நியாயம்தான். மலையில் தனி அறையில் எனக்கு யார் மாட்டிவிடுவது?

செப். 7, புதன்
வெயில். வாங்க: ஊக்கு, தைலம், பேனா மை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டைலர் அமலாக்கா. கையை லூசாக வைத்துத் தரட்டுமா என்றார். நைட்டி மாதிரி தொங்கும், பிள்ளைகள் சிரிக்கும். அப்போதுதான் மூலையில் கண்ணில் பட்டது, மெரூன் பனியன் துணி. இழுத்தேன், விட்டேன். பழையபடி சுருங்கிக்கொண்டது.

"பனியன்ல யாராச்சும் ஜாக்கெட் தைப்பாங்களா? இன்னா டீச்சர்!"

"கொக்கியே வேணாங்க்கா. தலை வழியா போடற மாதிரி."

செப். 8, வியாழன்
அமலாக்கா தைத்துத் தந்த ஜாக்கெட்டில் கை நுழைந்தது! அடுத்த நொடி படபடவென்று அக்குள் தையல் விட்டது. துணி நீள்கிறது, நூல் நீளவில்லை.

அழுகை. செல்வி பை கட்டி வைத்திருந்தாள், மறுபடி பிரித்துவிட்டாள். "சனிக்கெழம போறேன் அண்ணி. இன்னா இப்ப." அதற்கும் சேர்த்து அழுகை.

செப். 9, வெள்ளி
அமலாக்கா கோபிக்கவில்லை. துண்டுத் துணியில் நாலு தரம் தைத்துப் பார்த்தார். கடைசியில் துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, மிஷினை மெதுவாக விட்டு, நெளிநெளியாக ஒரு தையல்.

"நல்லா இழுங்க டீச்சர், பயப்படாதீங்க!"

இழுத்தேன். தையல் விடவில்லை.

மதியத்துக்குள் ஜாக்கெட்டை அதே மாதிரி தைத்துவிட்டார். திரைக்குப் பின்னால் நானே போட்டேன். முதலில் மடங்கின கை, அப்புறம் தலை, அப்புறம் நல்ல கை. வலி இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சும்மா.

இன்னும் இரண்டு சொல்லியிருக்கிறேன். நீலம், பச்சை.

செப். 10, சனி
செல்வி கிளம்பினாள். ரோடு திறந்துதான் இருக்கிறது. பஸ் ஜன்னலிலிருந்து, "தனியா மடிப்பு எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

பொய். வீட்டுக்கு வந்து ஆறு தரம் புடவை கட்டிப் பழகினேன். ஏழாவது தரம் நின்றது.

செப். 12, திங்கள்
வெள்ளிமலை. நேற்று சாயந்திரமே வந்தாயிற்று. நல்ல குளிர்.

நேற்றே என் கையைப் பார்த்திருந்த பக்கத்து அறை மேரி டீச்சர் ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். "தொறங்க, ஜாக்கெட் மாட்டி வுடறேன். கஷ்டப்படாதீங்க."

"வேணாங்க, நானே கட்டிக்கினு வரேன்."

மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான், உதவ ஆள் இருந்தும், கதவைத் தாழிட்டுக்கொண்டு உடுத்தினேன். மடிப்பு கொஞ்சம் கோணல். இருக்கட்டும்.