உப்புப் படகில் இரண்டு சட்டி கஞ்சி

என்னங்க,

நீங்கள் பேசாததால் எழுதிவைக்கிறேன். காஞ்சிபுரத்தில் அண்ணன் வீட்டில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுகிறார்கள். ஒத்தாசைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடுவேன்.

அடுப்போரத்தில் இருக்கும் கஞ்சி உங்களுக்கு. பாய்மரத்தடியில் இருக்கும் சின்னச் சட்டியைத் தொடாதீர்கள். உப்பு ஏற்றிய இந்தப் பழைய படகை நமக்கு விற்கும்போதே, செத்துப்போன படகோட்டியின் சம்சாரம் சொன்னாள்: "கஞ்சின்னா அவருக்கு உசுரு. வருவாரு, ஒரு வாய் வெச்சிடும்மா." அதற்குத்தான் நேற்று, "பொணத்துக்குப் பரிமாறிக்கினு இருக்கியா?" என்று கத்தினீர்கள்.

நானா அழைத்தேன்? பாவுக்குப் போடுகிற பழக்கத்தில் பாய்த்துணிக்கும் கஞ்சி போட்டு மணலில் விரித்தது யார்? ஆறு முழுக்க அந்த வாசனைதான். ஓரத்தை மாடு மென்றுவிட்டது. வந்தது மாடு மட்டுமா?

புதுப்பலகை இடுக்குகளில் தார் அடைத்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் நாம் குடியிருப்பது இதில்தான்.

அம்சவேணி

இன்னொன்று. திருமுக்கூடல் ஆற்றில் இப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் காலையில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது, ஆள் ஏறினால் சாயுமே, அப்படி. நீங்கள்தான் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காமலே, "கோவம் போதும், சாப்பிட வாங்க" என்றேன். நீங்கள் அப்போது அக்கரையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இனிமேல் குரல் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.