அடிமாட்டு விலைக்குப் போன காயின்கள்

யெசுலின் அப்பாவுக்கு,

பிட்காயின் எக்ஸ்சேஞ்சில் தவறுதலாக நம் கணக்கில் ஆயிரம் காயின்களைப் போட்டுவிட்ட அந்த மதியம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கிம்ச்சி குழம்புக் கரண்டியோடு ஆடினீர்களே!

"இனிமே நீ பணக்காரங்க வாழுற கங்னாமுக்கே மகாராணிடி!"

"முதல்ல அடுப்பை அணைங்க, மகாராஜா!"

அரை மணியில் அவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்தில் விலை சரிய, விலை இறங்கினால் விற்றுவிடும்படி நீங்கள் செய்துவைத்த ஏற்பாட்டின்படி, நாம் சேமித்து வாங்கிய காயின்களும் அடிமாட்டு விலைக்குத் தானாக விற்றுப்போயின. பிறகு நீங்கள் உல்சான் கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள்.

நேற்று எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பெண் பேசினாள். அன்று விற்றுப்போன நம் காயின்களைத் திருப்பிப் போட்டுவிட்டார்களாம்.

"தப்பு எங்க சிஸ்டத்தோடதுங்க. இனிமே எங்களை நம்பலாம்."

"உங்களை நம்புறதை அப்புறம் பார்க்கலாம்மா. உல்சான்ல ஒருத்தர் எல்லாம் தன் தப்புன்னு நினைச்சிட்டிருக்கார். அவர்கிட்ட இதையே சொல்லுங்க."

உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் எடுங்கள்.

உங்கள் மனைவி