நூல் கட்டிய தொட்டி

மார்ச் 3, திங்கள்

பிரார்த்தனை முடித்துக் கண்ணைத் திறந்தால் தொட்டியில் குட்டிகள். கறுப்பு மோலி முப்பத்தொன்று போட்டிருக்கிறாள். ஒரு வாரம் முன்பே அவளைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டது நல்லதாகப் போயிற்று. பெரிய தொட்டியில் இருந்தால் ஆண் மீன் ஓயாமல் துரத்தும். பெற்ற உடம்பு தாங்காது. குட்டிகளைப் பேசினுக்கு மாற்றினேன். மீன் நோட்டில் தாய், தகப்பன், தேதி, எண்ணிக்கை எல்லாம் எழுதியாயிற்று.

"உன் சின்னப் பொண்ணுக்குப் பிரசவ லீவு எத்தனை மாசம்?" என்கிறார் இவர், மோலியைக் காட்டி. ஜனவரியில் பஸ் ஓட்டும் வேலை முடிந்ததிலிருந்து தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். "எங்க டிப்போல இப்படி ஒரு அதிகாரி கிடைச்சிருக்கக் கூடாதா!"

மார்ச் 19

"பாவம், தனியா சுத்துது. துணைக்கு ஒண்ணை விட்டா என்ன?" என்று கேட்டார். விடவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

இருபத்திரண்டு குட்டிகள்.

எப்படி? ஆண் மீன் அந்தத் தொட்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஏற்கெனவே வயிற்றிலிருந்ததை எல்லாம் மார்ச்சிலேயே பெற்றுவிட்டாள். நோட்டை மூன்று தடவை புரட்டினேன். தேதிகள் சரி. 'தகப்பன்' கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன். என் நோட்டில் நான் போட்ட முதல் கேள்விக்குறி.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் விடவில்லை. அப்படியானால்—

ஏப்ரல் 10

கேட்டேவிட்டேன். "நான் கடைக்குப் போன நேரத்துல நீங்கதானே ஆண் மீனைப் புடிச்சு உள்ள விட்டீங்க?"

"ஆமா, நாள் பார்த்து, மாப்பிள்ளை பார்த்து, நான்தான் முடிச்சு வச்சேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சாமி முன்னாடி வந்து சத்தியம் பண்ணுங்க."

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. "முப்பத்து நாலு வருஷத்துக்கப்புறம், ஒரு மீனுக்காக, சத்தியமா?"

பண்ணவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தப்பு செய்யாதவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதில் என்ன கஷ்டம்? செய்தவராக இருந்தால் அப்படி முகம் வாடுமா? ஒன்றும் விளங்கவில்லை.

ஏப்ரல் 11

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 14

மூடிக்குக் குறுக்கே கறுப்புத் தையல் நூலைக் கட்டியிருக்கிறேன். தீனி போடும்போது நானே வெட்டி, நானே திரும்பக் கட்டுகிறேன். என் முடிச்சு வேறு யாருக்கும் வராது.

ஆண்டவனே, நீ பார்த்துக்கொள்வாய் என்று தினமும் சொல்கிறேன். பிறகு நூல் எதற்கு? சந்தேகப்படுவது பாவமா, சந்தேகம் வரும்படி நடந்துகொள்வது பாவமா? காலையில் இதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்காமலே எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 27

ஓய்வில் இருப்பவள் தேற வேண்டாமா? மெலிந்துகொண்டே போகிறாள். துடுப்புகளை ஒடுக்கி, ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டுகிறாள். வயிறு மட்டும் லேசாக உப்பலாகத் தெரிகிறது. என் கண்ணின் கோளாறாக இருக்கும்.

ஜன்னலைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "மோலிக்குக் கல் உப்புக் கரைச்சு ஊத்தணும்னு மீன் கடைக்காரம்மா ஒரு தடவை சொல்லுச்சு."

"நீங்க பார்த்த வைத்தியமே போதும்" என்றேன். நாக்கில் இருந்தது வந்துவிட்டது.

மே 10, சனி

மகள் வீட்டில் இருக்கிறேன். இரண்டு நாள் தங்கல். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "அம்மா, நெஜமாவே அப்பாகிட்ட சத்தியம் கேட்டியா? ஐயோ, என்னம்மா நீ!"

அவரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. சண்டையில் நானே முதலில் இறங்கி வர வேண்டுமா என்ன?

மே 12, திங்கள்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

செருப்பைக் கழற்றும்போதே, "ரெண்டு தடவை கூப்பிட்டேன்" என்றார். கூடத்தில் மேசை விசிறி தொட்டிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, மூடி இடுக்கு வழியாகத் தண்ணீருக்குக் காற்றுப் போகும்படி. உள்ளே காற்றுக் குழாய், குமிழி விடும் கல்லிலிருந்து கழன்று மேலே மிதந்தது. தாய் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினாள். மூலையில் குட்டிகள். பதினான்கு.

நூல் அப்படியே இருந்தது. என் முடிச்சு.

"தொறந்து செருகியிருக்கலாமே! ஒரு நிமிஷ வேலை!" என்று கத்தினேன்.

"நூல் அறுந்தா, இந்தக் குட்டிங்களுக்கும் என்னைத்தானே கணக்குல எழுதுவே?"

நூலை வெட்டினேன், குழாயைச் செருகினேன், பாதித் தண்ணீரை மாற்றினேன். மூச்சு கொஞ்சம் அடங்கியது. பிழைப்பாளா தெரியவில்லை.

அவர் திறக்கவில்லை. முடிச்சு சாட்சி. அப்படியானால் குட்டிகள் எங்கிருந்து? அற்புதமா? போயும் போயும் ஒரு மீனுக்கா? எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட, அவர் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

மே 13

மோலி வாங்கின மீன் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா வலையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "ஒரு தடவை சேர்ந்தா போதும்க்கா. ஆணோடதை உள்ளேயே பத்திரமா வச்சுக்கும். அப்புறம் மாசக்கணக்கா, தனியா இருந்தாலும் போட்டுக்கிட்டே இருக்கும்."

"அப்போ யாரும் விடலையா?"

"யார் வந்து விடணும்க்கா?"

அவளே சொல்லிக்கொண்டு போனாள். ஆணைப் பிரித்தது சரி. ஒற்றையாக வெறும் தொட்டியில் வைத்தது தப்பு. ஒளிந்துகொள்ளச் செடி வேண்டும், துணைக்கு இரண்டு பெண் மீன்கள் வேண்டும், வேகவைத்த கீரை கொஞ்சம். "கல் உப்பு போட்டீங்களா? உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொன்னேனே."

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் மூடியில் தொங்கிய மிச்ச நூலைப் பிய்த்து அவர் எதிரில் குப்பையில் போட்டேன். "உப்பு எவ்வளவுன்னு அந்தம்மா உங்ககிட்ட சொல்லுச்சாம். நீங்களே கரைச்சு ஊத்துங்க" என்றேன். இதுதான் என் மன்னிப்பு. வெட்கமாக இருக்கிறது.

உப்பைக் கரைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்குச் சத்தியம் பண்ணியிருந்தா, அதுக்கும் ஒரு நூல் கட்டியிருப்பே."

மே 21

துடுப்பை விரித்திருக்கிறாள். கீரையைக் கொத்தினாள்.

ஜூன் 16, திங்கள்

ஒன்பது குட்டிகள். தாய் நலம். ஏப்ரல் கேள்விக்குறியை அடித்துவிட்டு, மூன்று பிரசவத்துக்கும் 'தகப்பன்: பழையவரே' என்று எழுதினேன். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், தண்ணீர் மாற்றியவர் என்று. ஐந்து வாரமாக அதில் அவர்தான்.

சமையலறையில் இருந்தபோது அவர் போன் பேசுவது கேட்டது. மகளிடம்தான். "உன் தங்கச்சிக்கு இந்தத் தடவை ஒன்பது." எட்டிப் பார்த்தேன். நாற்காலி தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தது.

மன்னித்துவிட்டாரா? கேட்கவில்லை. கேட்டால் அதுவும் சத்தியம் கேட்ட மாதிரி ஆகிவிடும்.