ஆமாம் அம்பு

அன்பு மகள் லீஸ்பெத்துக்கு,

அப்பா எழுதுவது. என் இடது முழங்கால் நீங்கலாக இந்த வீட்டில் எல்லாம் சுகம், அங்கே உன் வீட்டில் எல்லார் முழங்காலும் சேர்த்துச் சுகமாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். கனடாவில் இன்னும் பனி விழுகிறதாமே, இங்கே மூன்று வாரமாக மழை, உருளைக்கிழங்குகூட நடவில்லை. போன ஞாயிறு தொலைபேசியில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், உன்மேல் கோபம் இல்லை, வாயால் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான். நம் சைக்கிள் கழகத்தின் புதுத் தலைவன் ஸ்டைன், "அக்கா, அப்பாகிட்ட கொஞ்சம் பேசுங்க, அவர் திரும்பி வரணும்" என்று உனக்கு எழுதியிருக்கிறான் என்றாய். என்ன செய்தான் என்பதை எழுதியிருக்க மாட்டான். நான் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் வசந்தச் சவாரிக்கு வழிகாட்டும் அம்புப் பலகைகளைக் கம்பங்களில் கட்டியவன் நான். சனிக்கிழமை விடியலில் ஏணியும் கம்பியுமாகக் கிளம்பினால் முடிக்கப் பொழுது சாயும். திருப்பத்துக்கு முன்னால் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, திரும்பியபின் கொஞ்சம் தள்ளி ஒன்று. அந்த மூன்றாவதற்கு ஆமாம் அம்பு என்று பேர் வைத்தவளே நீதான், சரியாகத்தான் வந்திருக்கிறாய், ஆமாம், போ என்று அது சொல்கிறதாம். கழகமே பிறகு அப்படித்தான் சொன்னது. இந்த ஜனவரி விருந்தில், முயல்கறி முடிந்து காப்பி வந்த நேரம், ஸ்டைன் ஒலிபெருக்கியைப் பிடித்து, இனி வழியெல்லாம் கைப்பேசியில் வரும் என்றான். "நம்ம ஓடில் தாத்தா இனிமே ஏணி ஏற வேணாம், கம்பத்தக் கட்டிப்பிடிச்சது போதும், வீட்டுல பாட்டியக் கட்டிப்பிடிக்கட்டும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள், அதை நான் மறக்கவில்லை. எனக்கு ஒரு பூங்கொத்து. அம்புகளை முந்தின நாளே குப்பைக் கிடங்குக்கு ஏற்றிவிட்டிருந்தான். அங்கே வேலை பார்க்கும் நம் சிநேகிதன் வில்லி பலகையின் பின்னால் என் பெயரைப் பார்த்துவிட்டு, "ஓடிலு, உன் பிள்ளைங்க எல்லாம் இங்க கெடக்குதுப்பா" என்று கூப்பிட்டிராவிட்டால் எரிந்தே போயிருக்கும். வண்டியில் நாலு நடையாகக் கொண்டுவந்து கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.

மார்ச்சில் சவாரி வந்தது. ஆற்றோரம் இவோன் அம்மாளின் மாட்டுத்தொழுவ முற்றத்துக்குள் புகுந்து வழி போகிறது என்பது கைப்பேசிக்குத் தெரியும். அது பொதுவழி இல்லை, வருடா வருடம் நான் அம்மா சுட்ட பாலரிசிக் கேக்கோடு போய், ஒரு மணி நேரம் அவள் இடுப்புவலிக் கதையைக் கேட்டு வாங்கி வரும் அனுமதி அது என்பது தெரியாது. ஸ்டைன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சவாரிக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் இவோனே என்னைப் பிடித்து, "என்ன ஓடில், கேக்கையும் காணோம் உன்னையும் காணோம், இந்த வருஷம் சவாரி கிடையாதா?" என்று கேட்டாள். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதில் பொய் இல்லை. சவாரியன்று காலை அவள் முற்றத்துக்கு எதிரே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சைக்கிளைச் சாத்திவிட்டுக் காப்பிக் குடுவையோடு உட்கார்ந்தேன். கதவு பூட்டு, முற்றம் முழுக்கக் கன்றுகள், வெளியே நானூறு பேர் சேற்றில் ஒருவர்மேல் ஒருவர். இவோன் துடைப்பத்தோடு வந்து, "ஏண்டா, இது உங்கப்பன் வீட்டு முத்தமா? கைப்பேசி சொல்லுச்சாம்ல, அதையே கேளு, கதவத் தெறக்குமான்னு!" என்றாள். ஸ்டைன் என்னைப் பார்த்துவிட்டான். "ஓடில், எந்தப் பக்கம் போகணும், இடதா? இடதுதானே?" என்று கத்தினான். இடதுதான். நான் காப்பி ஊற்றிக்கொண்டேன். ஆமாம் என்று சொல்ல அங்கே ஆளில்லாததால் அவன் பயந்துபோய் வலது பக்கம் திரும்பினான், நானூறு பேரும் பின்னாலேயே போனார்கள். அந்தப் பாதை ஆளிவிதை வயலில் போய் முடிகிறது, நீ அறிவாய்.

மறுவாரம் வீட்டுக்கு வந்தான், கையில் கடையில் வாங்கிய கேக். ஜூனில் கழகத்தின் ஐம்பதாவது ஆண்டுச் சவாரி, நான் இல்லாமல் நடக்காதாம். நடத்தலாம், ஆனால் ஜனவரி விருந்து நடந்த அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், அதே ஒலிபெருக்கியில், ஓடிலின் அம்புகளைக் குப்பையில் போட்டவன் நான் என்று நீ சொல்ல வேண்டும் என்றேன். "அது கொஞ்சம் அதிகமில்லையா பெரியவரே" என்றான். கதவைச் சாத்தினேன். "பாவம் ஓடில், பையன் மழையில நிக்கிறான்" என்றாள் அம்மா. நின்றால் நிற்கட்டும், அம்புகளும் மழையில்தான் கிடந்தன.

இப்போது சேதிக்கு வருகிறேன். ஆற்றுக்கு அக்கரைக் கழகம் அம்பு கட்ட வரச்சொல்லி என்னைக் கேட்டது, போனேன். அவர்கள் சவாரி நாளை. வழி நான் போட்டது, ஸ்டைன் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. இன்று எல்லாம் கட்டி முடித்துக் கடைசியாக அவன் சமையலறை சன்னலுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் ஒன்று கட்டினேன். எட்டு வயதில் மூக்கு கோணலாக நீ வரைந்தாயே, அந்த நீல ஆமாம் அம்பு. அந்தச் சாலை நேராக ஒரு மைல் போகிறது, அங்கே திருப்பமே கிடையாது. அவன் வெளியே வந்து, "இங்க எதுக்கு ஓடில் இது?" என்றான். ஏணியை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். சின்னவன் சைக்கிளின் பின் பிரேக்கை நீயே ஒருமுறை பிடித்துப் பார். ஸ்டைனுக்கு நீ பதில் எழுத வேண்டாம், ஒரு வரிகூட. சவாரி முடிந்த மாலையே அம்புகளை அவிழ்த்துவிட வேண்டும் என்பது சட்டம், முப்பத்தொரு வருடத்தில் ஒன்றைக்கூட நான் மறந்ததில்லை. நாளை ஒன்றை மறப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா ஓடில்