அந்தப் பேச்சை வீட்டில் பேசிவிட்டேன்

என் அப்பாவுக்கு,

உங்கள் மேல் பாசம் இன்னும் தீரவில்லை. தீர்ந்திருந்தால் இப்படி உட்கார்ந்து திட்டி எழுத மாட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது. உயிரோடு இருந்தபோது என்னைப் பேச விட்டீர்களா? இப்போது கேளுங்கள்.

தம்பி செந்திலுக்கு வந்திருப்பது மனச்சிதைவு என்று திண்டுக்கல் டாக்டர் சொன்னபோது, பூ மார்க்கெட்டில் அடிமாட்டு விலைக்குக் கேட்பவனை முறைப்பது போல அவரை முறைத்தீர்கள். ஆனாலும் மாத்திரை வாங்கினீர்கள். அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. குளித்தான், சாப்பிட்டான், மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சினான். உடனே ரெட்டியார்சத்திரம் முழுக்க, "எம்மகன் தெளிஞ்சுட்டான்" என்று சொல்லித் திரிந்தீர்கள். பழனிக்கு மாலை போட வைத்தீர்கள். "வெரதத்துல இருக்கையில மாத்திரை எதுக்கு? முருகன் பாத்துக்குவான்" என்று அதைப் பிடுங்கி வைத்தீர்கள். முருகனா உங்களிடம் கேட்டான்?

குரல்கள் திரும்பி வந்தன. மறுபடியும் ஆஸ்பத்திரி. நடுவில் நீங்கள் போய்விட்டீர்கள். சின்னாளப்பட்டியில் என் வீட்டைப் போட்டுவிட்டு இங்கே வந்து அலைந்தவள் நான்தான்.

இந்தத் தடவை வீடு திரும்பியவன் ரொம்ப அமைதியாக இருந்தான். சொந்தக்காரர்கள் ஆயக்குடிக் கொய்யாவோடு பார்க்க வந்தார்கள். "சட்டையக் கிழிச்சுக்கிட்டு பஸ்ஸ மறிச்சியே அப்பு, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான்.

டாக்டர் முதல் தடவையே, உங்களையும் வைத்துக்கொண்டுதானே சொன்னார்? "சத்தம் போடும்போது எல்லாரும் பாத்துக்குவீங்க. தெளிஞ்சு வரும்போதுதான் எதையெல்லாம் இழந்தோம்னு அவருக்குப் புரியும். அப்பத்தான் கூடவே இருக்கணும். உயிர விட்டுருவாரோன்னு சந்தேகம் வந்தா நேராக் கேளுங்க. கேக்குறதால அந்த நெனப்பு வந்துராது." உங்கள் காதில் எது விழுந்தது அப்பா? தெளிந்துவிட்டான் என்பது மட்டும்தானா?

அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் கோயம்புத்தூரில் சம்பாதிக்கிறார்கள். இவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒரு நாள் காலையில் தன் நல்ல சட்டைகளையெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். அம்மாவுக்குச் சந்தோஷம், மகனுக்குத் தாராள மனசு வந்துவிட்டதாம். எனக்கு அது விடைபெறுவது போலப் பட்டது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "தம்பி, செத்துப் போயிரலாம்னு தோணுதாடா?"

அம்மா என் வாயிலேயே அடித்தாள். "பாவி மக! வீட்டுல பேசுற பேச்சாடி இது? நீயே எடுத்துக் குடுக்குறியா?"

நீங்கள் வைத்த சட்டம்தான். அந்தச் சொல் வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. அவன் மட்டும் தனியாக அதோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

செந்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்காவ அடிக்காதம்மா. தோணுது. தெனமும் தோணுது. யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு" என்றான்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனேன். மருந்தை மாற்றினார். அவனிடம் தனியாக நெடுநேரம் பேசினார். தோட்டத்து ஷெட்டில் இருந்த பூச்சிமருந்தையெல்லாம் ஊருக்குள் வேறொருவர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன். மாத்திரை அம்மாவின் பொறுப்பு. என்னை அடித்த அதே அம்மா இப்போது காபி கொடுக்கும்போது அவனிடம் கேட்கிறாள், "அந்த நெனப்பு வந்துச்சாப்பா?" என்று. சில நாள் இல்லை என்கிறான். சில நாள் தலையாட்டுகிறான். அன்றைக்கு நாங்கள் யாராவது ஒருத்தர் அவனை விட்டு நகர்வதில்லை. போன மாதம் பூ மார்க்கெட்டுக்கு அவனே மூட்டை கொண்டுபோனான், விலை போதாது என்று சண்டையும் போட்டுவிட்டு வந்தான்.

நேற்று உங்கள் தம்பி வந்தார். "அண்ணன் திதிக்குச் செந்தில் பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கணும். ஒரு நா மாத்திரைய நிப்பாட்டுனா ஒண்ணும் ஆயிராது."

அப்படியே உங்கள் குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில், "சித்தப்பா, அவன் இட்லி தின்னு மாத்திரை போட்டுட்டுத்தான் திதி குடுப்பான். சம்மதம்னா வாங்க, இல்லன்னா வராதீங்க" என்றேன்.

"செத்தவரு ஏத்துக்குவாராத்தா?"

"ஏத்துக்காட்டிப் போறாரு."

உங்களைத்தான் சொன்னேன் அப்பா. அன்றைக்குப் பசித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் சாப்பிட்ட பிறகுதான் உங்களுக்கு.

அவன் மேல் உயிரையே வைத்திருந்தீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே அவனைத் தேடுவீர்கள் என்றும் தெரியும். தேடுங்கள். இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை. பல்லெல்லாம் விழுந்து கிழவனான பிறகு, அவன் நேரம் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். இது சத்தியம்.

செந்திலின் அக்கா,
அதற்குப் பிறகுதான் உங்கள் மகள்,
ராணி