அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

என்னங்க,

சோறு குக்கரில் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரிமேல்.

நேற்று நீங்கள் நடத்திய மேசை விளையாட்டில் எனக்கு ஒரு சந்தேகம். எங்களோடு சண்டை போடும் ராட்சதனுக்காக நீங்கள்தான் இருபது முகப் பகடையை உருட்டினீர்கள், அதுவும் எண் எங்களுக்குத் தெரியாதபடி அட்டை மறைப்புக்குப் பின்னால். விழும் எண்ணோடு அவன் பலம் ஆறைக் கூட்டி, என் கவசத்தின் மதிப்பான பதினான்கைத் தொட்டால் அடி விழும். எட்டு விழுந்தாலே போதும். என்மேல் ஐந்து முறை ஓங்கினான், ஐந்தும் தப்பியது. தம்பியின் வீரனோ இரண்டே அடியில் செத்தான். "அக்காவுக்கு மட்டும் எங்கேருந்து மாமா இவ்வளவு அதிர்ஷ்டம்?" என்று அவன் கேட்டபோது நீங்கள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

என்மேல் இரக்கப்பட்டு எண்ணை மாற்றிச் சொன்னீர்களா? போன வாரம் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரைப் பார்த்து வந்து, "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நார்மல்தான்" என்றீர்களே, அப்போதும் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்க நானே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

பி.கு.: எனக்குக் கோபம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. காலை பத்தரைக்குள் அங்கே வந்துவிடுங்கள். என் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். டாக்டர் என்னிடமே சொல்லட்டும்.